தொல்லியல் இடத்தைப் பெருப்பித்தால் செலவு யார் தலையில்?

கொட்டாஞ்சேனை_வாசகி:
சித்தப்பாவோடு ஒரு வாதம். சிகிரியா, அநுராதபுரம் மாதிரி இடங்களைச் சுற்றி இன்னும் காணி எடுத்து எல்லையைப் பெருப்பிக்க வேண்டும் என்கிறார். நட்டஈடு ஒருமுறைச் செலவு, டிக்கெட் காசு காலமெல்லாம் வரும் என்பது அவர் கணக்கு. எனக்கு ஏனோ இடிக்கிறது. காணி வேலை தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

பழைய_காணிக்கிளாக்கர்:
தங்கச்சி, நான் பிரதேச செயலகமொன்றின் காணிப் பிரிவில் இருந்தவன். சித்தப்பா நினைப்பதுபோல நட்டஈடு ஒருநாளில் முடிகிற காரியமல்ல. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி 2ஆம் பிரிவு அறிவித்தலை, அதாவது பொதுத் தேவைக்குக் காணி பார்க்கிறோம் என்பதை, முதலில் காணியில் ஒட்டுவோம். பிறகு நில அளவை, உரித்து விசாரணை, விலைமதிப்பு. அவசரம் என்று 38ஆம் பிரிவில் காணியைக் கையேற்றுவிட்டால் காசு பின்னால்தான் வரும். அது வருடக்கணக்கில் இழுபட, வட்டியும் திறைசேரியின் தலையில் ஏறும்.

ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. காணி உறுதியில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டார், பிள்ளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில், காணி பாகம் பிரிக்கப்படவில்லை. மரணச் சான்றிதழும் சத்தியக்கடதாசியும் சேரச் சேரக் கோப்பு தடித்து, கட்டும் நாடா எட்டவில்லை. அதுவரை அந்தக் குடும்பம் ஒரு கக்கூஸ் கட்டவும் முடியாது, வங்கியில் கடன் எடுக்கவும் முடியாது. இந்தச் செலவை எந்த மதிப்பீட்டிலும் எழுதமாட்டார்கள்.

டிக்கெட் கதைக்கு வருவோம். சிகிரியாவில் அந்தக் காசு, 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, இப்படியான இடங்களைப் பராமரிக்கும் மத்திய கலாசார நிதியத்துக்குப் போகிறது. வருகிறவர் ஏறுவது குன்றில். சுற்றிப் பத்து ஏக்கர் கூட்டினாலும் அவர் வாங்குவது அதே ஒரு டிக்கெட்தான். வேலியும் காவலும் புல்வெட்டும் மட்டும் கூடும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வெளிநாட்டவர் வரவு வெகுவாகக் குறைந்தது; 2020இல் விமான நிலையம் பூட்டியபோது அடியோடு நின்றது. காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கத்தானே வேண்டும்?

பட்டினத்துக்குள் என்றால் சோலைவரியையும், அதாவது வீடு, கடைக்குச் சபை அறவிடும் வரியையும், பாருங்கள். கடைத்தெருவை இடித்து வெட்டையாக்கினால் சபைக்கு அந்த வரியும் இல்லை, வியாபார உத்தரவுப்பத்திரக் காசும் இல்லை. அநுராதபுரத்தில் இடிபாடுகளைக் காக்க வந்த 1942ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய வேலையில், பழைய பட்டினத்தையே மல்வத்து ஓயாவுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். தெரு, தண்ணீர், கந்தோர் எல்லாம் புதிதாகப் போட வேண்டி வந்தது. இடிபாடுகளுக்கு அது நன்மை, மறுக்கமாட்டேன். ஆனால் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வெள்ளவத்தை_தம்பி:
எங்கள் ஊர்ப் பக்கம், முல்லைத்தீவில், குருந்தூர்மலைத் தொல்லியல் இடத்தைச் சுற்றித் தண்ணிமுறிப்பு மக்களின் வயலும் எல்லைக்குள் வருகிறது என்பதுதான் சண்டையே. விதைக்காமல் கிடக்கிற போகத்துக்கு யார் காசு தருவார்? அண்ணா, எடுக்காமலே பாதுகாக்க வழியில்லையா?

பழைய_காணிக்கிளாக்கர்:
இருக்கிறது தம்பி. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது; உள்ளே இன்றும் சனம் சொந்த வீட்டில் இருக்கிறது. சுவரைத் தொட அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சுமை வீட்டுக்காரர்மேல் விழுகிறது. ஓடு மாற்றவாவது அரசாங்கம் கைகொடுத்தால் நியாயம். அப்படிக் கொடுத்தாலும் காணி முழுக்க வாங்குவதைவிட மலிவு என்பது என் எண்ணம்.

தங்கச்சி, உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது 4ஆம் பிரிவு அறிவித்தல், அதாவது காணியை எடுக்க உத்தேசம் என்ற கடிதம், வந்தால் ஆட்சேபனையை எழுத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள். குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.