சைபர் போர் உங்களைத் தொட்ட நாள் எது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நவாசேவாக்காரன்:

2017 ஜூன் 27. நான் அப்போது நவி மும்பையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தேன். எங்கள் உறைந்த இறால் கண்டெய்னர் அன்று இரவு நவா சேவா துறைமுகத்தின் ஒரு முனையத்துக்குள் போயாக வேண்டும். துறைமுக நுழைவுக்கான ஃபார்ம் 13 எல்லாம் தயார். ஆனால் அந்த முனையத்தின் கேட் கம்ப்யூட்டர் எழவே இல்லை. துறைமுகச் சாலையில் கரல் ஃபாட்டா சந்திப்புப் பக்கம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. மழை வேறு.

கண்டெய்னரின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் தரும் ஜென்செட்டில் டீசல் தீர்ந்தால் சரக்கு போச்சு. டிரைவர் அண்ணன் மணிக்கொரு தரம் டார்ச் அடித்து வெப்பநிலை பார்த்து எனக்குப் போன் செய்தார். மைனஸ் 18, மைனஸ் 18, விடியற்காலையில் மைனஸ் 16. வயிறு கலங்கிவிட்டது. இரண்டு கேன் டீசலை பைக்கில் வைத்துக்கொண்டு ஓடினேன். கேட்டில் ஒருவர் நனைந்த நோட்டில் கண்டெய்னர் எண்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். ஒன்று பிசகினாலும் யார்டில் அந்தப் பெட்டியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

வைரஸ் என்று மறுநாள்தான் தெரிந்தது. குறி உக்ரைனாம். எங்கள் இறாலுக்கும் அந்த ரஷ்ய-உக்ரைன் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை மனசு ஆறவில்லை.

கீவ் மாணவி:

அண்ணா, அதே நாள் நான் கீவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மெட்ரோவில் வங்கி அட்டை எடுக்கவில்லை. ஏடிஎம்மில் கறுப்புத் திரை, அதில் சிவப்பு எழுத்து. பர்ஸில் கிடந்த ஒரு பச்சை டோக்கனைப் போட்டுத்தான் அறைக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் அங்கே அரசியல் சட்ட நாள், விடுமுறை. அதற்கு முந்தின நாளாகப் பார்த்து அடித்திருந்தார்கள். செர்னோபில் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சைக் கையால் அளக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டார்.

சர்வர் வேலை பார்ப்பவன்:

அந்த வைரஸின் பெயர் நாட்பெட்யா. உக்ரைன் ஆபீஸ்களில் வரிக்கணக்குக்குப் பயன்படுத்தும் மீடாக் மென்பொருளின் அப்டேட்டுக்குள் வைத்து அனுப்பினார்கள். 300 டாலர் பிட்காயின் கேட்டது வெறும் வேஷம். பணம் கட்டினாலும் ஃபைல்கள் திரும்பாது, அழிப்பதற்கென்றே செய்தது. ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர் மீது 2020 அக்டோபரில் அமெரிக்கா வழக்குப் போட்டது. ரஷ்யா மறுக்கிறது.

என்னை உலுக்கியது, அண்ணன் சொன்ன முனையத்தை நடத்திய குழுமமான மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதை. 4,000 சர்வர், 45,000 கணினி, எல்லாவற்றையும் பத்தே நாளில் புதிதாக நிறுவினார்கள். கணக்கு, கடவுச்சொல் விவரங்களெல்லாம் இருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்க அழிந்துபோக, கானாவில் ஒன்று மட்டும் மிஞ்சியது. வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததாம். அதை வைத்துத்தான் மீண்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் ஒரு பேக்கப்பை நெட்வொர்க்கிலிருந்து கழற்றித் தனியாகப் பூட்டி வைக்கிறேன்.

நவாசேவாக்காரன்:

தம்பி, இவ்வளவு விவரம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: இறால் கெடவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு முனையம் வழியாகக் கப்பல் ஏறியது. டிரைவர் அண்ணன் அதற்கப்புறம்தான் கண்ணயர்ந்தார்.