விம் எடிட்டரில் உங்கள் முதல் நாள் எப்படி இருந்தது?

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரம். சர்வர்ல ஒரு கான்ஃபிக் ஃபைல், அதுல போர்ட் எண்ணை 8080-ன்னு மாத்தணும், அவ்வளவுதான். விம்ல (கட்டளை அடிக்கிற டெர்மினல் திரையிலேயே ஓடுற டெக்ஸ்ட் எடிட்டர்) திறந்து, பழைய எண் மேல கர்சரை வச்சு 8080 தட்டினேன். ஒண்ணும் விழல. ‘ஐ’ அழுத்தணும்னு யாரோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. அழுத்திட்டு மறுபடியும் 8080. விழுந்துச்சு. எஸ்கேப் அடிச்சேன், திரை முழுக்க 80808080-ன்னு ஒரே வரி ஓடுது. எனக்கு வேர்த்துருச்சு.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து ‘யூ’ ஒரே ஒரு தடவை அழுத்தினாங்க. அத்தனையும் போச்சு. “முதல்ல தட்டின 8080-ஐ அது எண்ணிக்கையா எடுத்துக்கிச்சுப்பா. அடுத்து நீ டைப் பண்ணதை அத்தனை தடவை போட்டுருச்சு. நீ சொன்னதைத்தான் செஞ்சிருக்கு.”

விம் எனக்குப் புரிஞ்சது அப்பதான். நோட்பேடுல கீ எல்லாம் எழுத்து. இங்க, திறந்ததும் இருக்கிற நார்மல் மோடுல கீ எல்லாம் கட்டளை. எண்ணோட முதல் இலக்கத்துல நின்னு ‘சி’, ‘டபிள்யூ’ அடிச்சா பழைய எண் போய், தட்டினது எழுத்தா விழுற இன்செர்ட் மோடு வந்துடும். 8080, எஸ்கேப், கோலன், டபிள்யூ, க்யூ, என்டர்; சேமிச்சு வெளிய வந்துடலாம். புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல காட்டுறது இதைத்தான்.

பதில்:
எனக்கு கண்ட்ரோல் எஸ். சேமிக்கிறதா நினைச்சு அழுத்தினேன், பழைய லினக்ஸ் மெஷின், திரை அப்படியே நின்னுருச்சு. பதறிப்போய் டெர்மினலையே மூடிட்டேன். அது விம்மோட கோளாறே இல்ல, திரைக்கு வர்றதை டெர்மினல் நிறுத்தி வைக்குது; கண்ட்ரோல் க்யூ அடிச்சா திரும்ப ஓடும். நல்லவேளை, சேமிக்காத மாற்றத்தை விம் தனியா எழுதி வைக்கிற ஸ்வாப் ஃபைல் இருந்துச்சு. மறுபடி திறந்தப்ப ‘ஆர்’ அழுத்தி மீட்டுட்டேன்.

பதில்:
அம்புக்குறி கீயை விட்டுட்டு ஹெச், ஜே, கே, எல்ல நகரச் சொன்னப்ப எனக்கு எரிச்சலா இருந்துச்சு. 1976-ல பெர்க்லியில பில் ஜாய், விம்முக்கு முன்னோடியான ‘விஐ’ எடிட்டரை எழுதினப்ப அவர் வச்சிருந்த ADM-3A டெர்மினல்ல (திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி) தனி அம்புக்குறி கீயே கிடையாது. அந்த நாலு எழுத்து மேலதான் அம்புக்குறி அச்சடிச்சிருக்கும். இது தெரிஞ்சதும் எரிச்சல் போச்சு. டெர்மினல்ல ‘விம்ட்யூட்டர்’ அடிச்சுப் பாருங்க. அரை மணி நேரப் பாடம், நகல்லதான் வேலை, எதுவும் கெடாது. நான் மூணு நாள் விடாம செஞ்சேன். நாலாவது நாள் விரல் தானா ஜே-க்குப் போச்சு.