குன்னூர் ஆறு: டி.டி.எஸ். மீட்டர் 190 காட்டினால் நல்ல நீரா?

கேள்வி – குன்னூர்வாசி
பேருந்து நிலையத்துக்குக் கீழே ஆற்றில் டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்புகளை அளப்பது) நனைத்தேன்: லிட்டருக்கு 190 மில்லிகிராம். ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஓடையில் 40. குடிநீருக்கே 500 வரை ஏற்கலாம் என்கிறார்கள். ஆனால், பாலத்தில் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது. மீட்டர் பழுதா?

பதில் – கோத்தகிரிக் கிழவன்
பழுதில்லை தம்பி. அதற்குத் தெரியாததைக் கேட்கிறீர்கள். நான் திருப்பூரில் நொய்யல் நீரைச் சோதித்தே தலை நரைத்தவன். அங்கே வந்தது சாயப்பட்டறை உப்பு. மீட்டர் ஆயிரக்கணக்கில் ஏறும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது சும்மா அல்ல. உங்கள் ஆற்றில் வருவதோ கழிப்பறை நீரும் மார்க்கெட் கழிவும்: உப்பு கொஞ்சம், அழுகல் அதிகம். அழுகலை அந்த மீட்டர் அறியாது. 500ஐ விடுங்கள், 40 எப்படி 190 ஆனது என்று கேளுங்கள்.

அழுகல் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் பார்க்க வேண்டியது கரைந்த ஆக்சிஜன். கண்ணாடிப் புட்டியில் குமிழியில்லாமல் நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்ஃபேட்டும் கார அயோடைடும் விடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும். அற்றுப்போயிருந்தால் திரிந்த பால்போல வெள்ளையாகவே நிற்கும். அளவை ஆய்வகத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்று: 20 டிகிரி நீரில் கடல் மட்டத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, 7 சொச்சம்தான். சமவெளிக் கணக்கை வைத்து மலையாற்றைத் திட்டாதீர்கள்.

பதில் – கேத்திக்காரன்
எந்த நேரத்தில் நீர் எடுப்பது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. எங்கள் பக்கம் விடியுமுன்பே கேரட்டைக் கழுவி லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிடுவார்கள். ஓடை அப்போது செஞ்சேறு. பத்து மணிக்குப் பாட்டிலோடு வரும் அதிகாரிக்குத் தெளிந்த நீர்தான் கிடைக்கும்.

பதில் – கோத்தகிரிக் கிழவன்
நியாயமான பேச்சு. விடியலில் ஒன்று, நண்பகலில் ஒன்று, ஒரே இடத்தில் எடுங்கள். பி.ஓ.டி.க்கு (அழுகலைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தின்னும் ஆக்சிஜன் அளவு) எடுத்த நீரைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். குளிக்கும் நீருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

குன்னூர்வாசி
அந்த இரண்டு மருந்தும் எங்கே கிடைக்கும்?

கோத்தகிரிக் கிழவன்
கல்லூரி வேதியியல் துறையில் கேளுங்கள். கையுறை போடுங்கள்; அந்தக் காரம் தோலைத் தின்றுவிடும்.