புதுச்சேரியில் வீடு தேடிய கதை: எந்தப் பகுதி, ஏன்?

செஞ்சி சாலைக்கு மேற்கே குடியிருப்பவர் எழுதியது:

பணி மாறுதலில் 2019-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்தபோது, கடற்கரைச் சாலைக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வீடு வேண்டும் என்று நானும் என் மனைவியும் பிடிவாதமாக இருந்தோம். தரகர் முதலில் அழைத்துச் சென்றது தூமா வீதியை ஒட்டிய ஒரு மாடி வீட்டுக்கு. மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூக் கொடி, ஆள் உயரத்துக்கும் மேலான சன்னல்கள். "முந்நூறு வருஷத்து வீடு சார்" என்றார். ஆங்கிலேயர்கள் 1761-இல் இந்த நகரத்தை ஏறத்தாழ தரைமட்டமாக்கினார்கள் என்பதும், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பெற்று 1765-க்குப் பிறகுதான் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்ததால், அவர் சொன்ன வயதில் பாதியை மனத்துக்குள் கழித்துக்கொண்டேன். வாடகையிலும் அப்படிக் கழிக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதே வீட்டைச் சனிக்கிழமை மாலை மறுபடி பார்க்கப் போனபோது, வாசலை மறித்து இரண்டு வெளிமாநிலக் கார்கள் நின்றன. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே கடற்கரைக்கு வருகிறவர்களின் வண்டிகள் உள்வீதிகளில்தான் நிற்கும். அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் யார் யார் என்று விசாரித்தால், இந்தப் பக்கம் விடுதி, அந்தப் பக்கம் உணவகம், எதிரே ஆசிரமத்தின் சாம்பல் நிறக் கட்டடம் என்று பதில் வந்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டால் கேட்டு வாங்க ஒரு வீடு இல்லாத தெருவில் குடியிருக்க முடியாது என்று என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார்.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தோம். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் வகுத்து வைத்ததில், இந்தக் கறுப்பு நகரம்தான் இன்றும் மனிதர்கள் வாழும் நகரமாக இருக்கிறது. வைசியாள் வீதியில் வரிசையாகச் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற வீடுகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பகுதியில் அவ்வளவு அழகில்லாத, ஆனால் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள ஒரு வீட்டின் முன்பகுதி. பின்பகுதியில் வீட்டுக்காரப் பாட்டி இருந்தார். முதல் நாளே, "தம்பி, சுவத்துல ஆணி அடிக்காதீங்க, காரை மொத்தமா வந்துடும்" என்று எச்சரித்தார். அது வெறும் கெடுபிடி இல்லை என்பது பிறகு புரிந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரில் யாரோ ஒரு பழுதைச் சிமெண்டு பூசி அடைத்திருந்தார்கள். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு உள்ளேயே அடைத்துவிடும் என்று கொத்தனார் விளக்கினார். கடற்காற்று படும் ஊரில் பழைய வீடு பார்க்கிறவர்கள் சுவரின் வண்ணத்தைப் பார்க்காமல், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் இப்படித் திட்டுத் திட்டாகப் பூச்சு மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கூரையையும் பார்க்க வேண்டும். மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில், சட்டம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்றிருந்த மேரி (பிரெஞ்சுக் காலத்து நகர மன்றக்) கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய வடிவிலேயே திரும்பக் கட்டப்பட்டு 2021-இல்தான் திறக்கப்பட்டது. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால் கவனிப்பாரற்ற வாடகை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்தேன். தரகருக்கு அது பிடிக்கவில்லை.

குறைகள் உண்டு. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, குடிக்கக் கேன் வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை கூடினால் வண்டியை எடுப்பதையே மறந்துவிட வேண்டும். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, தெருவில் ஓடிய தண்ணீர் எங்கள் வீட்டின் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. மூன்றாவது படி இருக்கிறது, அதற்கு மேல் திண்ணை இருக்கிறது. திண்ணையை ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

ரெயின்போ நகரில் ஐந்தாண்டுகள் இருந்தவர் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் படிக்கட்டைச் சொன்னார். நான் பிளக் பாயிண்டைச் சொல்கிறேன். நாங்கள் வீடு பார்த்தது ஒரு மே மாதத்தில். அகலமான தெரு, கார் நிறுத்த இடம், பேருந்து நிலையம் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம் என்று எல்லாம் கூடி வந்தது. கூடத்தில் பிளக் பாயிண்டுகள் அத்தனையும் மார்பு உயரத்தில் இருந்ததைப் பார்த்து, சின்னக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு, "மராமத்து பண்ணப்ப மாத்தினதுங்க" என்றார். எந்த மராமத்து, எதற்காக என்ற அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை.

ஃபெஞ்சல் இரவில் அதற்கான பதில் வந்தது. மின்சாரம் போன இருட்டில் முதலில் குளியலறைத் துளை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே ஏறியது; வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை. விடியும்போது கட்டிலின் மேல் மெத்தையும், மெத்தையின் மேல் பாடப்புத்தகங்களும், அவற்றின் மேல் மாமியாரும் இருந்தார்கள். பக்கத்தில் கிருஷ்ணா நகரில் படகில் ஆட்களை மீட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் படிந்திருந்த கோடு, பிளக் பாயிண்டுகளுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அவற்றை மாற்றியவருக்குக் கணக்கு சரியாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கார அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. மே மாதத்தில் வீடு பார்த்தது என் தவறு. இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறோம். ஊருக்கு வடமேற்கே நிலம் செம்மண் மேடாக உயர்ந்து போகிறது. அந்தப் பக்கத்துக் கோரிமேட்டின் பெயரிலேயே மேடு இருக்கிறது, நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. கடற்கரைக்குப் போக வண்டி எடுக்க வேண்டும், பழைய வீதிகளின் அழகு துளியும் இல்லை, எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரியான மாடி வீடுகள். இந்த முறை வீடு பார்க்கப் போனபோது தரகரை விட்டுவிட்டு, தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணனிடம் கேட்டேன்: "மழைக்கு இங்க தண்ணி எந்தப் பக்கம் ஓடும்ணே?" அவர் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டிய திசைக்கு எதிர்த்திசையில் வீடு எடுத்தேன்.

கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு மாறியவர் எழுதியது:

மழையைப் பற்றி இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். எல்லையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அதுவும் புதுச்சேரிதான் என்று தோன்றும். கடைகள் தொடர்கின்றன, சாலை தொடர்கிறது. ஆனால் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அதையும் தாண்டிப் போனால் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. வாடகை குறைவு என்று கோட்டக்குப்பத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தோம். வேலை, வங்கி, மருத்துவமனை எல்லாமே புதுச்சேரியில் இருந்ததால் நாங்களும் புதுச்சேரிக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கை நடத்தும் சென்டாக் அமைப்பின் விண்ணப்பத்தைத் திறந்தபோதுதான், புதுச்சேரி ஒதுக்கீட்டில் இடம் கேட்க ஐந்தாண்டுக் குடியிருப்புச் சான்று வேண்டும் என்பதும், ஆதார் தொடங்கி எங்கள் முகவரி அனைத்தும் வேறு மாநிலத்தில் இருக்கிறது என்பதும் ஒரே நாளில் உறைத்தன.

கடலும் அங்கே வேறு மாதிரி. நகரத்தின் முன்னால் பாறைச் சுவர் இருக்கிறது. தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டதால், அரிப்பு வடக்கே வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரை போய்விட்டது. நாங்கள் குடிபோனபோது படகு நிறுத்திய மணல், காலி செய்தபோது இல்லை. கடல் பார்த்த மனை என்று அங்கே யாராவது காட்டினால், அதன் கிழக்கு எல்லை பத்திரத்தில் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

இப்போது முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், முன்பைவிடச் சின்ன வீட்டில், கூடுதல் வாடகையில் இருக்கிறோம். இளையவன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாண்டு நிறைய இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன; அதுவரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லாமல் இருக்க வேண்டும்.