புதுப்பிப்பு: எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கவில்லை

போன மாசம் கேட்டிருந்தேன்: ஏழு வருஷ டீசல் கார், 92,000 கி.மீ. ஓடியது. வெளிக் கம்பெனி ஒன்று ஒரு வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு (கார் கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் ரிப்பேர் செலவை ஏற்கும் ஒப்பந்தம்) 18,500 ரூபாய் கேட்கிறது, ஜிஎஸ்டி தனி, எடுக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. எடுக்கவில்லை.

ஒப்பந்தத் தாளை முழுசாக வாங்கிப் படித்ததுதான் காரணம். விற்க வந்த தம்பி, "இன்ஜின்ல இருந்து ஏசி வரைக்கும் எல்லாமே கவர் சார்" என்றார். நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு கதை. கிளட்ச், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, ரப்பர் ஹோஸ் எதுவும் சேராது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உண்டு, ஆனால் ஆயில் மாற்றிய பில் ஒன்று விடுபட்டாலும் கிளெய்ம் கிடையாது. நானோ மூணு வருஷமாக சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணனிடம்தான் விடுகிறேன். அவர் தரும் பில், பழைய காலண்டர் தாளுக்குப் பின்னால் எழுதிய கணக்கு!

காரை அவரிடமே காட்டினேன். டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, விரலை விட்டு ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் இல்லீங்க, டர்போ நல்லா இருக்கு. கிளட்ச்தான் இன்னும் ஒரு வருஷம் தாங்கினா பெரிசுங்க." செலவு வரப்போகிற இடமே வாரண்டியில் இல்லாத இடம்.

18,500-ஐத் தனிக் கணக்கில் போட்டிருக்கிறேன். "அதுல கை வச்சு டயர் மாத்திடாதீங்க" என்றாள் மனைவி. முன்பக்கம் ரெண்டு ஏற்கெனவே மாற்றியாச்சு, அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.