பான் கீ மூன்: பதவி பறிபோனவர் ஐ.நா. தலைமைக்கு வந்தது எப்படி?

கேள்வி:
தென்கொரியாவின் பான் கீ மூன் 2001இல் வெளியுறவுத் துணை அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் என்று படித்தேன். அவரே 2007 ஜனவரியில் ஐ.நா. பொதுச்செயலாளரானது எப்படி என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
1970இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த அவருக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பணியிடம் புதுதில்லி. பின்னர் நியூயார்க்கில் பணியாற்றியபோது தென்கொரியா ஐ.நா.வில் பார்வையாளர் நாடாக மட்டுமே இருந்தது. உறுப்புரிமை 1991இல்தான் கிடைத்தது.

2001 பிப்ரவரியில் சியோல் வந்த ரஷ்ய அதிபர் புதினும் தென்கொரிய அதிபர் கிம் டே ஜுங்கும் வெளியிட்ட கூட்டறிக்கையில், ஏவுகணை எதிர்ப்பு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 1972 ஒப்பந்தத்தை ஆதரிக்கும் வாசகம் இடம்பெற்றுவிட்டது. அந்த ஒப்பந்தத்திலிருந்து விலக எண்ணியிருந்த அமெரிக்காவின் புஷ் நிர்வாகம் அதிருப்தி அடைந்தது, அதன் விளைவாகப் பான் பதவியிழந்தார்.

அவரைக் கைதூக்கிவிட்டவர் அடுத்து வெளியுறவு அமைச்சரான ஹான் சுங் சூ. ஐ.நா. பொதுச்சபைத் தலைமை அவரிடம் வந்தபோது, பானைத் தம் அலுவலகத் தலைமை அதிகாரியாக அமர்த்திக்கொண்டார். செப்டம்பர் 11 அன்று தொடங்கவிருந்த கூட்டத்தொடர் தாக்குதலால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், அதைக் கண்டிக்கும் தீர்மானத்தோடு தொடங்கியது. அத்தகைய நெருக்கடியில் பொதுச்சபையின் அன்றாட நடைமுறைகளைக் கையாண்ட அனுபவமே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையானது என்பது என் கருத்து.

பதில் 2:
மேலே சொன்னதோடு 2004 முதல் 2006 வரை வெளியுறவு அமைச்சராக இருந்ததையும் சேர்க்க வேண்டும். 1971 வரை பொதுச்செயலாளராக இருந்த பர்மாவின் ஊ தாண்டுக்குப் பிறகு ஆசியர் எவரும் அப்பொறுப்புக்கு வரவில்லை என்பதும் சாதகமாயிற்று. 2006 அக்டோபரில் நடந்த இறுதி முன்னோட்ட வாக்கெடுப்பில் பாதுகாப்புச் சபையின் 15 நாடுகளில் 14 அவரை ஆதரித்தன; எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டாமிடம் பெற்ற சசி தரூருக்கு நிரந்தர உறுப்பு நாடு ஒன்றின் எதிர்ப்பு இருந்தது. யாரையும் பகைத்துக்கொள்ளாத பானின் இயல்பே அவரை வெல்லவைத்தது.

பதில் 3:
அந்த இயல்புக்கு ஈழத்தமிழர் கொடுத்த விலையையும் பேச வேண்டும். 2009 மே மாதம் போர் முடிந்த சில நாட்களில் அவர் இடம்பெயர்ந்த தமிழர்கள் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைப் பார்வையிட்டார். ஆனால் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்த முந்தைய மாதங்களில் அவருடைய குரல் போதிய அளவு உரத்து ஒலிக்கவில்லை என்பதே என் வருத்தம். 2010இல் அவர் இலங்கைப் போர் தொடர்பான பொறுப்புக்கூறல் குறித்து ஆலோசனை கூற நிபுணர் குழுவை அமைத்ததையும், ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று கூறிய உள்ளக ஆய்வறிக்கையை 2012 நவம்பரில் வெளியிட்டதையும் நான் மறுக்கவில்லை. இரண்டுமே போர் முடிந்த பிறகு நடந்தவை.