மாத்திரை போட்டும் மதியத்துக்குள் கால் ஒட்டிக்கொள்கிறது, அப்பாவுக்கு பார்கின்சன்

தென்காசி மகள்:
வணக்கம். அப்பாவுக்கு வயது 71, பார்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்து ஒன்பது வருஷம். முதல் சில வருஷம் சிண்டோபா பிளஸ் காலை 8, மதியம் 2, இரவு 8 என்று மூன்று வேளை போட்டால் போதும், தனியாகவே சந்தைக்குப் போய் வருவார். இப்போதும் அதே மாத்திரை, அதே நேரம்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்கே கை நடுங்க ஆரம்பித்து, குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். அடுத்த மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நடை வந்துவிடுகிறது, ஆனால் அப்போது தலையும் தோளும் நெளிந்து நெளிந்து ஆடுகின்றன. நோய் முற்றிவிட்டதா, மருந்து அதிகமாகிவிட்டதா? வேளைக்கு ஒன்றரை மாத்திரை கொடு என்கிறார் சித்தப்பா. பக்கத்து வீட்டு அத்தை பூனைக்காலி விதைப் பொடியைப் பாலில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். நரம்பியல் டாக்டரிடம் அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது.

மதுரை ஓய்வாசிரியர்:
மகளே, எனக்கே இந்த நோய் பல வருஷமாக இருக்கிறது, நீ எழுதியதை அப்படியே பட்டிருக்கிறேன். ஒன்றரை மாத்திரையாக ஆக்கிவிடாதே. சிண்டோபாவில் இருக்கிற முக்கிய மருந்தான லெவோடோபா ரத்தத்தில் தங்குவது கொஞ்ச நேரம்தான், ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி குறைந்துவிடும். ஆரம்பத்தில் மூளை செல்கள் அதை வாங்கிச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதால் மூன்று வேளை போதுமாக இருந்தது. செல்கள் குறையக் குறைய அந்தச் சேமிப்பு போய்விடுகிறது. மருந்து இறங்கினால் கால் ஒட்டும், உச்சத்தில் இருந்தால் உடம்பு ஆடும். ஒரு வேளையின் அளவைக் கூட்டினால் ஆட்டம்தான் கூடும்.

எனக்கு டாக்டர் மொத்த அளவை அவ்வளவாக மாற்றாமல் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்து இடைவெளியைக் குறைத்தார். அப்புறம் ஒவ்வொரு வேளையோடும் எண்டகபோன் 200 மில்லிகிராம் சேர்த்தார், அது லெவோடோபா சீக்கிரம் சிதைந்துபோவதைத் தடுக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆட்டத்துக்கு அமாண்டடின் கொடுப்பது உண்டு. அப்பாவுக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பத்து நிமிஷம் பார்க்கிற அவருக்கு நாள் முழுக்க நடப்பது எப்படித் தெரியும்? ஒரு நோட்டில் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், நன்றாக இருந்த நேரம், ஒட்டிய நேரம், ஆடிய நேரம் எல்லாவற்றையும் எழுது. ஆட்டத்தையும் நடையையும் செல்போனில் படமெடுத்துக் காட்டு. என் டாக்டர் முதலில் கேட்பதே அந்த நோட்டைத்தான்.

கும்பகோணம் அம்மா:
என் வீட்டுக்காரரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரையை எதோடு கொடுக்கிறீர்கள்? புரதம் குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபாவோடு போட்டி போடும், அதனால் பருப்பு, பால், முட்டையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் கொடுங்கள், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து. குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். புரதத்தை நிறுத்திவிடாதீர்கள், மெலிந்துபோவார். பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் மருந்து வேலை செய்யத் தாமதமாகும், எங்கள் வீட்டில் அதைச் சரி செய்ததே பெரிய மாற்றமாக இருந்தது.

பூனைக்காலியில் இருப்பதும் லெவோடோபாவேதான். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மாத்திரையோடு சேர்ந்து ஏறினால் ஆட்டம் கூடும். டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்கவே வேண்டாம்.

தென்காசி மகள்:
அம்மா, காலை மாத்திரையை அப்பா இட்லி சாம்பாரோடுதான் போடுகிறார், நாளையிலிருந்து 7.30-க்கு மாற்றுகிறேன். சில நாள் குமட்டல், எழுந்தால் தலைசுற்றல் என்கிறார், மருந்துக்கடையில் ஏதாவது வாங்கலாமா?

வார்டு நர்ஸ்:
அங்கேதான் கவனம் தேவை. வாந்திக்குக் கொடுக்கும் பெரிநார்ம், ஸ்டெமெட்டில், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் ஸ்டூஜெரான், இவையெல்லாம் லெவோடோபா மூளையில் மாறித் தரும் டோபமைனைத் தடுப்பவை, பார்கின்சன் உள்ளவர்களை இன்னும் இறுக்கிப்போடும். கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குமட்டலுக்குப் பொதுவாக டோம்பெரிடோன் கொடுப்பார்கள், அதற்கும் இதயத்துடிப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருப்பதால் டாக்டர் எழுதித் தரட்டும். தலைசுற்றலுக்கு முதலில் படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். நின்றால் இறங்குகிறது என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

தலைசுற்றுகிறது என்று சிண்டோபாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகும். வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் மாத்திரை நேரத்தை அங்கே அழுத்திச் சொல்லுங்கள், நேரம் தவறுவது வார்டில் சாதாரணமாக நடக்கிறது. பின்னால் மெதுவாக மருந்தை வெளிவிடும் சிஆர் வகை எழுதினால் அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. புது மாத்திரை சேர்த்த பிறகு இல்லாத ஆள் தெரிகிறது என்றாலோ, பணத்தைக் கண்டபடி செலவழிக்கிறார் என்றாலோ உடனே சொல்ல வேண்டும், அமாண்டடினும், பார்கின்சனுக்கே கொடுக்கும் பிராமிபெக்சோலும் இப்படிச் செய்யலாம். அப்பா ஒருமுறை விழுந்தாலும் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் போன் செய்து தேதியை முன்னால் கேளுங்கள்.